பெஞ்சு பிடிப்பது எப்படி? சேலத்தில் ஓய்வுபெற்றவர்கள் கூடிப் பேச ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்ற மறுநாளும் காலை நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் டெப்போவில் டைம் கீப்பர் வேலை. முதல் வண்டி கிளம்பும் நேரம் உடம்பில் ஊறிப்போயிருந்தது. குளித்து, சட்டை மாட்டி, செருப்பைப் போட்ட பிறகுதான் போவதற்கு இடம் இல்லை என்று உறைத்தது. "பேப்பர்கூட இன்னும் வரல, வந்து படுங்க" என்றாள் வீட்டுக்காரி.

அடுத்த ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் டிவி பார்த்தது, சமையலறையில் மூக்கை நுழைத்தது, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவனை அழவைத்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு சிமெண்ட் பெஞ்சும் அதில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும். இன்றைக்கு எட்டு வருஷம் ஆகிறது. யாராவது புதிதாக ஓய்வு பெற்றால் என்னிடம் அனுப்பி, "இவருக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

கடையை மகனிடம் விட்டவர், அம்மாப்பேட்டையிலோ குகையிலோ தறியை நிறுத்தியவர், ஊரில் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அழகாபுரத்தில் மகன் வீட்டு மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தவர் என்று எல்லாருக்கும் இது பொருந்தும். பெண்களுக்குக் கோயில், பக்கத்து வீடு, அக்கா தங்கை போன் என்று பேச்சு எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு இருந்த சிநேகிதம் எல்லாம் வேலை செய்த இடத்துச் சிநேகிதம். வேலை போனால் அதுவும் போய்விடுகிறது. புதிதாகச் சிநேகிதம் பிடிக்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் ஊரைச் சுற்றிப் பாருங்கள்

புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே நடக்கும் கூட்டம் எது என்று பாருங்கள். சேலத்தில் இதற்குப் பஞ்சமில்லை. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் காந்தி மைதானம், அண்ணா பூங்கா, கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் ஒரு சுற்று போய் வந்தாலே தெரிந்துவிடும். நடப்பவர்களைப் பார்க்காதீர்கள், நடந்து முடித்து உட்காருபவர்களைப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே ஆட்கள், ஒரே வரிசையில் உட்கார்ந்தால் அது கூட்டம்.

இன்னொரு வகை டீக்கடை. இதில் பேச்சு சூடாக இருக்கும், ஆனால் நின்றுகொண்டே பேச வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. மூன்றாவது நூலகம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-ல். அதனால் கிளை நூலகம் இல்லாத பகுதி குறைவு. பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. நூலகரிடம் கேட்டுப் பாருங்கள், அப்படியே விடுமுறை என்றைக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காவது ஓய்வூதியர் சங்கம். பென்ஷன் கணக்கு, நிலுவை, படி உயர்வு என்று காரியத்துக்கு அது நல்லது. மனசு விட்டுப் பேச அல்ல.

சேரும் முறை

இதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். முதல் நாளே போய், "நான் இன்ன டிபார்ட்மெண்டில் இன்ன ஆபீசராக இருந்தேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள், மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிச் செய்யுங்கள். முதல் மூன்று நாள் பக்கத்துப் பெஞ்சில் உட்காருங்கள். கையில் பேப்பர் இருக்கட்டும். வணக்கம் மட்டும் போதும். யாருக்கு எந்த இடம் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சாய்வு இருக்கிற மூலை பெரும்பாலும் மூத்தவருக்கு, அதில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். நாலாம் நாள் யாராவது, "உங்களுக்கு எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்பார்கள். அதுதான் அழைப்பு. பதில் ஒரு வரியில் இருக்கட்டும். டீ வாங்கிக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதல் நாளே எல்லாருக்கும் டீ சொல்பவரைப் பார்த்தால், இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

எல்லாரையும் 'சார்' என்று கூப்பிடுவது பாதுகாப்பு. பழகிய பிறகு அது தானாகவே 'அண்ணே' ஆகும், 'மாமா' ஆகும். எங்கள் கூட்டத்தில் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், ஒரு காலத்தில் அவரிடம் அடி வாங்கிய லாரிப் பட்டறைக்காரரும் இருக்கிறார்கள். பட்டறைக்காரருக்கே இப்போது 66 வயது. இன்னமும் அவர் உட்காராமல் இவர் உட்காருவதில்லை.

நீங்களே தொடங்குவதென்றால்

உங்கள் பக்கத்தில் எதுவும் இல்லையா? சரி, மூன்று பேர் போதும். நீங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவர், அவருக்கு மட்டும் தெரிந்த ஒருவர். அந்த மூன்றாவது ஆள் முக்கியம். இரண்டு பேரும் பழைய சிநேகிதர்களாக மட்டும் இருந்தால் பழைய பேச்சே சுற்றிச் சுற்றி வரும். ஐந்திலிருந்து ஒன்பது பேர் வரை நல்ல அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் யாராவது மைக் வேண்டும் என்பார், அப்புறம் தலைவர் வேண்டும் என்பார், அதோடு முடிந்தது.

இடம் தேடும்போது காட்சி அழகைப் பார்க்காதீர்கள், கழிப்பறையைப் பாருங்கள். கூச்சப்படாமல் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஆணுக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முறையாவது எழுந்து போக வேண்டிவரும். புராஸ்டேட் சமாச்சாரம் யாரையும் விடுவதில்லை. கூட்டத்துக்கு வராமல் போகிற பலர், "வேலை இருக்கு" என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். ஒருவர் எட்டு மாதம் வராமல் இருந்து, நாங்கள் கோயில் மண்டபத்துப் பக்கம் இடம் மாற்றிய மறுவாரமே வந்து சேர்ந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை.

அதற்கு அடுத்தது நிழல், அப்புறம் முதுகு சாய ஒரு சுவர், படி ஏறாத தரை, நூறு அடிக்குள் ஒரு டீக்கடை, நடக்கும் தூரத்தில் டவுன் பஸ். மூக்கனேரி பார்க்க நன்றாக இருக்கும். ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்த பிறகு பறவைகளும் நிறைய வருகின்றன. மாலையில் கொசுவும் வருகிறது. காலை என்றால் அங்கே போங்கள்.

நேரம். இதை டைம் கீப்பர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு முதல் ஒன்பது வரை எந்தத் தாத்தாவுக்கும் ஓய்வில்லை. பால், பேரப் பிள்ளைகளின் ஸ்கூல் வேன், மின் கட்டணம், ரேஷன் எல்லாம் அதற்குள் இருக்கிறது. மூன்றரைக்கு மறுபடி வேன் வரும். ஆகவே ஒன்பதரை முதல் பதினொன்று, அல்லது மாலை நாலரை முதல் ஆறு. பங்குனி, சித்திரை, வைகாசியில் பகல் கூட்டமே வேண்டாம். சேலத்து வெயில் தெரிந்ததுதானே, சுற்றிலும் மலை நின்றுகொண்டு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். கண்புரை இருக்கிறவர்களுக்கு எதிரில் வரும் பைக் விளக்குதான் எமன்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். ஒருவருக்குச் சௌகரியமில்லை என்று ஒரு முறை மாற்றினால், அடுத்த வாரம் பாதிப் பேர் பழைய நாளில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும். "பெஞ்சு தேய்க்கப் போறீங்களாக்கும்" என்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் வீடு அவர்களுக்கும் கொஞ்சம் விசாலமாக இருக்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இப்போது நான் ஐந்து நிமிஷம் தாமதித்தால் வீட்டுக்காரியே, "இன்னைக்கு கூட்டம் இல்லையா?" என்கிறாள்.

பேச்சு எடுப்பது எப்படி

வட்டமாக உட்கார்ந்து, "சரி, பேசுங்க" என்றால் ஆண்கள் வாயே திறக்க மாட்டார்கள். நானும் ஆரம்பத்தில் இதில் மாட்டினேன். தலைப்புக் கொடுத்தேன், எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் வயதான ஆண்களுக்காக ஊருக்கு ஊர் பட்டறைக் கொட்டகைகள் தொடங்கினார்கள். மரவேலை, ரிப்பேர் வேலை என்று ஏதாவது செய்துகொண்டே கூடியிருப்பது. ஆண்கள் முகத்தை முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்று ஒரே பொருளைப் பார்க்கும்போது பேசுவார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. நமக்குக் கொட்டகை வேண்டாம். கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்தால் போதும்.

எங்கள் கூட்டத்தில் செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் உண்டு. மனைவி தவறிய பிறகு மகள் கொண்டுவந்து விட்டாள். ஒன்றரை மாதம் வணக்கத்தைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் இன்னொருவர் பேத்தியின் கொலுசைக் கடையில் கொடுக்கக் கொண்டுவந்திருந்தார். அது கைமாறிக் கைமாறி இவர் கைக்குப் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொலுசை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு கண்ணியாக விரல் நகத்தால் தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நகம் நின்றது.

"இங்க பத்த வெச்சது சரியில்லீங்க. சலங்கை நல்லா இருக்குது. கொக்கி தேஞ்சுபோச்சு, அதை மாத்தணும்."

அப்புறம் நாற்பது நிமிஷம் அவர்தான் பேசினார். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது, பொடி வைத்து ஊதுவது, ஊதி ஊதியே அப்பாவுக்கு நெஞ்சு போனது, சேலத்துக் கொலுசு வடநாட்டுக் கடைகள் வரை போவது என்று எல்லாம் வந்தது. நடுவில் ஓரிடத்தில், "அவளுக்கு நான் ஒரு ஜோடிதான் செஞ்சு போட்டேன்" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆகவே முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓடாத கைக்கடிகாரம், பழைய ரேடியோ, கல்யாணப் பத்திரிகை, முதல் சம்பளச் சீட்டு, மேட்டூர் அணை முன்னால் எடுத்த போட்டோ, எதுவானாலும் சரி. பொருள் இல்லாத நாளில் கேள்வி. "இதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், அது சொற்பொழிவில் போய் முடியும். "முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். தொகையைச் சொல்லாத ஆள் கிடையாது.

சேலத்துக்காரர்களுக்குப் பேச விஷயமா இல்லை? ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோவில்தான் 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படத்தை எடுத்தார்கள். இதைச் சொல்லி விட்டால் போதும், அதன் சுவர் ஏறிக் குதித்து ஷூட்டிங் பார்த்ததாகச் சொல்ல இரண்டு பேராவது இருப்பார்கள். ராஜாஜி 1917-ல் நம் நகராட்சித் தலைவராக இருந்தது, பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ல் தர்மபுரியும் 1997-ல் நாமக்கல்லும் பிரிந்துபோனது, ஸ்டீல் பிளாண்டுக்காக நிலம் கொடுத்தவர்கள் கதை, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா அன்றைக்கு எப்படி இருந்தது, இதெல்லாம் மாதக்கணக்கில் ஓடும். சித்திரை வந்தால் மாம்பழத்தில் மல்கோவாவா குண்டுவா என்ற வழக்கு. அதில் சர்க்கரைக்காரர்கள்தான் அதிக சத்தம் போடுவார்கள்.

அரசியலைத் தடை செய்ய முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதே 1944 ஆகஸ்டில் இந்தச் சேலத்து மாநாட்டில்தான். அப்படிப்பட்ட ஊரில் அரசியல் பேசாதே என்றால் எப்படி? நாங்கள் ஒரு எல்லை போட்டிருக்கிறோம். முப்பது வருஷத்துக்கு முந்தைய அரசியல் மட்டும். அதற்கே ஒரு முறை ஒருவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார், ஆனால் மறுவாரம் வந்துவிட்டார். இன்றைய அரசியலில் கோபித்துக்கொண்டு போனவர்கள் வருவதில்லை.

வைத்துக்கொள்ள வேண்டிய கறார்கள்

பணம். இது ஒன்றில் மட்டும் இரக்கமே வேண்டாம். கூட்டத்துக்குள் கைமாற்று கிடையாது, சீட்டு கிடையாது, மகன் நடத்தும் பிசினஸில் முதலீடு கிடையாது. ஈமுக் கோழி வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்த காலத்தை நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. எங்களிடம் ஒருவர் இன்னொருவருக்கு இருபதாயிரம் கைமாற்றுக் கொடுத்தார். திரும்பி வரவில்லை. கொடுத்தவர் கேட்கக் கூச்சப்பட்டு வருவதை நிறுத்தினார், வாங்கியவர் பார்க்கக் கூச்சப்பட்டு நிறுத்தினார், இரண்டு பேரையும் அறிமுகம் செய்த பாவத்துக்கு மூன்றாமவரும் நிறுத்தினார். இருபதாயிரத்தில் மூன்று பேர் போனார்கள்.

டீச் செலவு அவரவர் கையில், அல்லது முறை வைத்து. உண்டியல் வேண்டாம். சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்பார். தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்குப் போகலாம். ஆனால் எதற்கு? பதிவு செய்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுக் கணக்கு, பொதுக்குழு, பொன்னாடை எல்லாம் வரும். பொன்னாடை வந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம். கட்டடம் வாங்கப் போகிறீர்கள், நன்கொடை வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கலாம், "இன்று மழை, மண்டபத்தில் கூடுகிறோம்" என்று சொல்ல மட்டும். குட்மார்னிங் பூவும், மூலிகை வைத்தியமும் வேண்டாம். யாரோ அனுப்பிய கஷாயத்தைக் குடித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு போட்ட விதி இது.

உடம்பு

காது மந்தமானவர்களை நடுவில் உட்கார வையுங்கள், நல்ல காது கூட்டத்தின் பக்கம் இருக்கட்டும். அவர்கள் சிரித்துத் தலையாட்டினால் கேட்டது என்று அர்த்தமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் அவர்களுக்கு எதுவுமே கேட்காது.

யார் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதயத்தில் ஸ்டெண்ட், யார் வீட்டு நம்பர் என்ன என்று ஒரு சின்ன நோட்டு. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலும் 108தான், "கொஞ்ச நேரம் படுங்க, சரியாகிடும்" என்ற பேச்சே கூடாது. வீட்டில் கவனிப்பில்லை, சொத்துப் பிரச்சினை, மனசு சரியில்லை என்பவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நொறுக்குத் தீனியில் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. தட்டுவடை செட் மாதத்துக்கு ஒரு நாள். கடிக்கப் பல் இல்லாதவருக்கு நொறுக்கலாகப் போட்டுத் தரச் சொல்லலாம். பிரஷர்காரர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. "இதைப் போன வாரமே சொன்னீங்க" என்று வெட்டாதீர்கள். அதே கதையில் வேறு கேள்வி கேளுங்கள். "அந்த வண்டி டிரைவர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டால் கதை புதுத் திசையில் போகும். ஆனால் ஒரே மணி நேரத்துக்குள் மூன்று முறை சொன்னாலோ, வழக்கமான பஸ் எது என்று தடுமாறினாலோ, அவர் மகனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர் முன்னால் வேண்டாம்.

தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால், மூன்றாவது கூட்டத்துக்கு முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். துக்கம் நடந்த வீடென்றால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாமே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். தானாக வருவார் என்று காத்திருக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு முறை ஏற்காடு

கூட்டம் ஒட்டிக்கொண்டதா என்று தெரிந்துகொள்ள மலைக்குப் போய் வாருங்கள். மே மாதமும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டவே வேண்டாம், கோடை விழா நெரிசலில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. ஐப்பசி மழை ஓய்ந்து, மார்கழிக் குளிர் ஏறுவதற்கு முன் ஒரு புதன்கிழமை போதும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல்காரர்கள் முன் சீட்டில், கையில் எலுமிச்சம்பழத்தோடு. காலையில் நீர் பிரிய மாத்திரை போடுபவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியாது. மேலே போனதும் எல்லாப் பாயிண்டையும் பார்க்க ஓடாதீர்கள். ஏரிக்கரை சமதரை, அங்கேயே உட்காருங்கள். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கும், மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் கரையோரம் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு பேச்சுக் கொடுத்தால் மிளகு எப்போது பறிப்பது, பழம் எப்போது சிவக்கும் என்று நிறையத் தெரியும்.

இறங்கும் பஸ்ஸில் ஏறியதும் தலை எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள். போன முறை நான் ஒரு தடவைதான் எண்ணினேன், என்னை விட்டுவிட்டு எண்ணினேன், ஒன்பதுக்கு எட்டு என்று வந்ததும் தலைமையாசிரியரைத் தேடி எல்லாரும் இறங்கி ஏரியைச் சுற்றி ஓடினோம். அவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அவர் மட்டும் சேலம் வந்து சேர்ந்து, பழைய பஸ் ஸ்டாண்டில் எங்களுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். டைம் கீப்பருக்கு அன்றைக்கு விழுந்த பெயரை இங்கே எழுத முடியாது.